அவருக்குக் கேட்ட பாதி

மகனுடைய பாட்டு அல்பத்தை நான் முதன்முதலில் கேட்டது கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது. மசாலாப் போத்தல்களுக்கு நடுவில் போனைச் சாய்த்து வைத்து, அவன் அனுப்பியிருந்த இணைப்பை ஈரவிரலால் அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. போன்தான் பழுதோ என்று எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பிறகு ஒரு இளைஞன் மூச்சு விடாமல் யாரையோ ஏசத் தொடங்கினான். அவன் ஏசி முடித்த இடத்தில் இன்னொருவன் தொண்டை கிழியக் கத்தினான். பின்னால் யாரோ தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போனார்கள். அது கிட்டாராம். எண்ணெயின் இரைச்சலையும் இதையும் ஒன்றாகத் தாங்க என்னால் முடியவில்லை. கத்தரிக்காய் கருகப்போகிறது என்பதைச் சாட்டாக வைத்துப் போனை நிறுத்தினேன்.

அன்று பின்னேரம் அவன் போன் எடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லா இருக்கு என்றேன். கோயில் அன்னதானச் சாம்பாரைப் பற்றிச் சொல்லுகிற அதே குரலில்தான் சொல்லியிருப்பேன். அவன் என் பிள்ளை, அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். பரவாயில்லை அம்மா என்று சிரித்தான்.

கிழமை நாட்களில் கணினி வேலை, மற்ற நேரமெல்லாம் பாட்டு என்று இருக்கிறவன் அவன். நாலு பேர் சேர்ந்த குழு. ராப்பும் மெட்டலும் கலந்தது என்றான். ஒருவன் பாட்டைப் பேசுவான், ஒருவன் கிட்டார் வாசித்துக்கொண்டே கத்துவான், ஒருவன் டிரம் அடிப்பான். என் மகன் பேஸ் கிட்டார் வாசிப்பான், பாட்டுகளைக் கோர்ப்பதும் அவன்தான். நகரத்தின் மறுகோடியில் ஆர்ச்வேயில் அறை எடுத்து இருந்துகொண்டு, பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் நிலவறையில் வருடக்கணக்காக இதைப் பழகினார்கள். இதுதான் அவர்களின் முதல் அல்பம். தாய்க்காரிக்குப் பெருமை இருக்கத்தான் செய்தது. காதுக்குத்தான் பெருமை ஏறவில்லை.

காது என்று சொன்னால் எங்கள் வீட்டில் அது என் கணவரின் காதைத்தான் குறிக்கும்.

அவருக்கு இடது காது சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. கலியாணம் பேசி வந்தபோதே சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். வலது காது இருக்கிறது, நீ எப்போதும் வலப்பக்கம் நட என்று அக்கா எனக்குச் சொல்லித் தந்தாள். நானும் அப்படியே நடந்தேன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. இருபது வயதில் தொடங்கியவர், முதுகு நிமிராத வயதுவரை அதையே செய்தார். காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள்தான். ஆனால் இருக்கிற ஒரு காதையும் மூடினால் பக்கத்தில் நிற்கிறவன் கத்துவது எப்படிக் கேட்கும் என்று அடிக்கடி அதைத் தூக்கிவிடுவாராம். பிறகு அந்தக் காதும் மங்கத் தொடங்கியபோது, சத்தமா வயதா எது காரணம் என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்றார்.

வலது காது ஒரேயடியாகப் போகவில்லை, கீச்சென்ற மேல் சத்தங்களிலிருந்து தொடங்கிக் கழன்று போனது. முதலில் தோட்டத்துக் குருவிகள் போயின. பிறகு மைக்ரோவேவின் மணி, வாசல் மணி. ஒரு வெள்ளிக்கிழமை ஹைகேற் மலையிலிருக்கும் முருகன் கோயிலில் நாதஸ்வரக்காரரைக் காட்டி, அவர் வெறுமனே வாயை வைத்துக்கொண்டு நிற்கிறாரா என்று என்னிடம் கேட்டார். தவில் மட்டும் அவருக்குக் கேட்டது. கொஞ்சக் காலத்தில் என் குரலும் அந்த நாதஸ்வரம் போன வழியே போனது. காதுக்கருவி வாங்கிப் போட்டோம். அது சத்தத்தைக் கூட்டியதே தவிர, சொல்லைக் கூட்டவில்லை. நான் கதைப்பது தண்ணிக்குள்ளிருந்து கதைப்பதுபோல இருக்கிறது என்றார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில், எங்கள் கூரைக்கு மேலால் விமானம் போகும்போது எல்லாரும் வசனத்தைப் பாதியில் நிறுத்தி, அது போனபின் மீதியைச் சொல்லுவோம். இந்த ஊர்ப் பழக்கம் அது. அந்த விமானத்தின் உறுமல் கடைசிவரை அவருக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த என் குரல்தான் கேட்கவில்லை.

நான் வாய்க்காரி. இதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்லுமுன். மருந்துக்கடைக் கவுண்டரில் பகல் முழுக்கக் கதைத்துவிட்டு வந்து, வீட்டில் அதைத் திரும்ப ஒருமுறை கதைத்தால்தான் எனக்கு நாள் முடியும். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், நான் என்ன சொன்னேன், சொல்லாமல் விட்டது என்ன, எல்லாம் சொல்ல வேண்டும். அவர் "ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த "ம்" போனபிறகு வீடு எனக்குப் பெரிதாகிவிட்டது.

அவரைக் கூப்பிடுவது இன்னொரு தொல்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனின் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பகல் முழுக்க ஊராரின் பெயர்களை உரக்க வாசித்து மருந்து கொடுக்கிறவள் நான். ஆனால் அந்த ஒரு பெயர் மட்டும் நாக்கில் ஏறாது. கவுன்சிலிலிருந்து போன் எடுத்துக் கணவரின் பெயர் கேட்டால் எழுத்து எழுத்தாகச் சொல்லுவேன். எழுத்தைச் சொன்னால் பெயரைச் சொன்னதாகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். மற்றபடி "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுவேன், என் அம்மா அப்பாவைக் கூப்பிட்டதுபோல.

இரவு வேலை முடிந்து அவர் மேலே பகலில் தூங்குகிற காலத்திலேயே "இஞ்சாருங்கோ" மாடிக்கு ஏறாது. அப்போது தொடங்கியதுதான் தட்டுவது. எங்கள் வீட்டில் முன்கதவைத் திறந்தவுடன் மாடிப்படி. படிக்குக் கீழே ஒரு கபேட். அதற்குள் காஸ் மீற்றர், ஹூவர், அரிசி மூட்டை, ஆணிகள் போட்ட பழைய பிஸ்கட் தகரம். அந்தக் கபேட்டின் பக்கப் பலகையில் கையை மடக்கிக் குத்தினால் வீடு முழுக்க ஒரு சத்தம் எழும்பும். காதால் கேட்பதைவிட நெஞ்சால் கேட்கிற சத்தம் அது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒன்று. சாப்பாடு ஆயத்தம் என்று அர்த்தம். நான் என்ன மனநிலையில் இருக்கிறேன் என்பதும் அதிலேயே தெரியும். படிக்கு மேலேயிருக்கும் சின்ன அறையில்தான் மகன் படுத்து வளர்ந்தான். அவனும் அந்தத் தட்டுக்குத்தான் இறங்கி வருவான்.

என் குரல் போன பிறகும் அந்தத் தட்டு அவருக்குக் கேட்டது. தட்டினால் பதில் சொல்ல மாட்டார், வந்து நிற்பார்.

அல்பம் வெளிவந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். பெரிய ஹெட்போன் ஒன்று கொண்டுவந்திருந்தான். காதுக்கருவியைக் கழற்றி வைக்கச் சொல்லி, அந்த ஹெட்போனை அப்பாவின் தலையில் மாட்டி, சத்தத்தை முழுதாகத் திறந்துவிட்டான். பாவம், பெற்ற கடனுக்கு அவரும் இருக்கத்தானே வேண்டும் என்று நான் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு விரல் அவர் இருந்த கதிரையின் கைப்பிடியில் தாளத்துக்கு அசைந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார்.

"கேக்குது."

தன் குரலின் அளவு தெரியாமல், அறையே அதிரச் சொன்னார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அல்பம்தான். கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்பார். சில நாட்களில் முதல் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவார். நாலாவது பாட்டில் டிரம் அடிக்கிற பெடியன் ஓரிடத்தில் பிந்துகிறான் என்று மகனுக்குச் செய்தி அனுப்பினார். அது உண்மைதான் என்று மகன் பதில் போட்டான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பிள்ளை மேல் பொறாமைப்படுகிற தாய் இருப்பாளோ என்று கேட்டால், இருந்தாள், ஹவுன்ஸ்லோவில். இத்தனை காலம் கூடவே கிடந்து கதைக்கிற என்னைக் கேட்காத காது, தகரம் இழுக்கிற சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறதே என்று வயிறு எரிந்தது. கழுவிய பாத்திரங்களைக் கொஞ்சம் வேகமாகவே அடுக்கினேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். காதுக்குள் ஒரு கருவி வைக்கலாமா என்று பார்க்கிற சோதனைகள் நீண்ட காலமாக நடந்துகொண்டிருந்தன. இனிச் செய்யலாம் என்றார் டொக்டர். அவர் சொல்லச் சொல்ல மேசையிலிருந்த திரையில் எழுத்தாக ஓடியது, என் கணவர் அதை வாசித்துக்கொண்டிருந்தார். தலையோட்டுக்குள் ஒரு சின்னப் பொருளை வைத்து, அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பியைக் காதின் உள்ளே விடுவார்களாம். வெளியே காதுக்குப் பின்னால் கருவியின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்குமாம். பழகப் பழகப் பேச்சு விளங்கத் தொடங்குமாம். செத்த இடது காதில் வைத்தால் பலன் குறைவு, பேச்சைக் கேட்டுப் பழகிய வலது காதில்தான் வைக்க வேண்டும் என்றார். அதன் பிறகு ஒன்று சொன்னார். அந்தக் காதில் இப்போது மிஞ்சியிருக்கிற கீழ்ச்சத்தம், அதாவது தவில், விமானம், கதவு மூடுவது போன்றவை, ஒப்பரேஷனோடு போய்விடக்கூடும். போனால் திரும்பாது. பாட்டு இதுவரை கேட்டதுபோல இனிக் கேட்காது.

எனக்கு அந்தக் கடைசிப் பகுதி காதில் விழவேயில்லை. பேச்சு விளங்கும் என்றதோடு நான் வீட்டுக்குப் போய் அவரோடு கதைக்கத் தொடங்கியிருந்தேன். வெளியே வரும்போது காது சோதிக்கிற பெண்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். அதுவரைக்கும் அவரோடு கதைக்குமுன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மனிதருக்குத் தன் பெயர்தான் லேசில் பிடிபடும் என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவளுக்கு எங்கிருந்து தொடங்கி விளங்கப்படுத்துவது?

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அவர் சொல்லிவிட்டார், தனக்கு ஒப்பரேஷன் வேண்டாமாம்.

காது கேளாதவரோடு சண்டை பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். சமையலறையில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கவிட்டிருந்தோம், எழுதிக் காட்டுவதற்கு. ஏன் என்று எழுதினேன். பயமா என்று எழுதினேன். அவர் இல்லை என்றார். எழுத்தில் குரலை உயர்த்த முடியாது, அதனால் சொல்லுக்கு அடியில் கோடு போட்டேன். ஒரு கோடு போதாமல் இரண்டாவதும் போட்டேன். பேனை காய்ந்துவிட்டது. அந்தப் பாட்டுக்காகவா என்று கேட்க வேறு பேனை தேடி மேசை லாச்சியெல்லாம் கிண்டினேன். அதை எழுதிக் காட்டியபோது அவர் பலகைக்குக் கிட்ட வந்து வாசித்தார். பிறகு, போய்விட்டால் திரும்பாதென்றுதானே டொக்டர் சொன்னார் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. என்னைத் திரும்பக் கேட்கலாம் என்கிறார்கள், இந்த மனிதர் மகனின் இரைச்சலைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். அன்றும் அடுத்த நாளும் நான் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. சாப்பாட்டுக்குத் தட்டும்போது கபேட் உடைகிறமாதிரித் தட்டினேன். அவர் வந்து இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆர்ச்வேக்குப் போனேன். முதலில் மேலே ஹைகேற் கோயிலில் ஒரு அர்ச்சனை, அதிலும் அவர் பெயரை ஐயருக்குத் துண்டுத்தாளில் எழுதித்தான் கொடுத்தேன். பிறகு மலையிறங்கி மகனின் அறைக்கு. அவன் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள் அது. கதவைத் திறந்தவுடனேயே தொடங்கிவிட்டேன். உன் பாட்டால் அப்பா ஒப்பரேஷன் வேண்டாம் என்கிறார், நீதான் அவருக்குச் சொல்ல வேண்டும், அப்படி என்னதான் இருக்கிறது அதற்குள் என்று ஒரே மூச்சில் கேட்டேன். அவன் குழுவில் ராப் பாடுகிறவனுக்குக்கூட அந்த மூச்சு இருக்காது.

அவன் என்னைக் கட்டிலில் இருத்தினான். அல்பத்தை எதில் கேட்டீங்கள் என்று கேட்டான். போனில் என்றேன். அவன் சிரிக்கவில்லை. போனில் பாதிதான் வரும் அம்மா, கீழ்ச்சத்தம் ஒன்றும் வராது என்றான். மேசையின் இரண்டு பக்கமும் இருந்த பெரிய ஸ்பீக்கர்களைப் போட்டு முதல் பாட்டை வைத்தான்.

போனில் ஒன்றுமே கேட்காத அந்த இடம் வந்தது. அங்கே சத்தம் இருந்தது. கட்டிலுக்குக் கீழிருந்து வருவதுபோல எழும்பியது. இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒன்று. அந்த மூன்றாவது தட்டோடு, தள்ளியெங்கோ, ஆணிகள் போட்ட தகரம் ஒன்று மெல்லக் கிணுங்கியது.

அந்தக் கிணுங்கலை நான் எங்கே கேட்டாலும் அறிவேன். மூன்றாவது தட்டை நான் எப்போதும் கொஞ்சம் ஓங்கித்தான் குத்துவேன், அப்போது கபேட்டுக்குள்ளிருக்கிற பிஸ்கட் தகரம் ஆடும். திரும்பவும் இரண்டு, பிறகு ஒன்று. அதன் மேல் அவனுடைய பேஸ் கிட்டார் வந்து சேர்ந்தது, பிறகு டிரம் வந்தது, எல்லாம் அந்தத் தட்டையே பிடித்துக்கொண்டு நடந்தன. அந்த ஏசுகிற பெடியனும் கத்துகிற பெடியனும் அதற்கு மேலேதான் நின்றார்கள். பாட்டு முடியும்வரை அந்தத் தட்டு நிற்கவேயில்லை.

"அது நீங்கள்தான் அம்மா," என்றான் மகன். "ஒரு வீக்கெண்ட் வந்து நிண்டபோது கபேட்டுக்குள்ள மைக் வைச்சனான். சொன்னால் நீங்கள் நடிச்சுப்போடுவியள்."

அப்பாவுக்குச் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை, அவராகக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கத்தான் இருந்தேன் என்றான். இன்னும் ஒருமுறை போடச் சொன்னேன். அவன் போட்டான். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் கத்தரிக்காய் வெட்டிய கறை நகத்தில் இன்னும் இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். மகன் பக்கத்தில் வந்து இருந்தான்.

திரும்பி வருகிற ரயிலில் பக்கத்தில் ஒரு பெண் வழி கேட்டாள், அவளுக்குக் கையால் காட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் யன்னலோரம் ஹெட்போனோடு இருந்தார். பலகையைக் கழற்றிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்து எழுதினேன், முதல் பாட்டில் இருப்பது என்னவென்று தெரியுமா என்று. அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"நீர் சாப்பிடக் கூப்பிடுறது," என்றார், அதிலென்ன கேள்வி என்பதுபோல. "முதல் நாளே தெரியும். நீர் ஏதோ கோவத்தில தட்டினது அது."

ஏன் சொல்லவில்லை என்று எழுதினேன்.

"உமக்கும் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

பிறகு, கருவி வைத்தால் வரப்போவது என்ன குரலோ, அது என் குரல்தானோ என்று யாருக்குத் தெரியும் என்றார். பாட்டிலிருக்கிற தட்டு நான்தான் என்று தனக்கு நிச்சயமாகத் தெரியுமாம். நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தெரியாத ஒன்றை வாங்குவதா என்பதுதான் யோசனையாம்.

இத்தனை நாளாக நான் யார் மேல் பொறாமைப்பட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அந்தக் காதில் எஞ்சியிருந்தது நான்தான். அதை எடுத்துவிடச் சொல்லித்தான் பலகையில் கோடு கோடாகப் போட்டிருக்கிறேன். பலகையைத் துடைத்துவிட்டு எழுதினேன், ஒப்பரேஷன் வேண்டாம், இருக்கிறது போதும் என்று. மனதார எழுதினேன். ஒரு கோடும் போடவில்லை.

அவர் அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு தன் சட்டைக் கையால் அதை அழித்தார்.

"அப்ப நீர் ஆரோட கதைக்கிறது?" என்று கேட்டார்.

நான் எழுதுவதற்குப் பேனையைத் தூக்கினேன். அவர் பேனையை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் என்று செய்தி அனுப்பினார்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் வழக்கம்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தார். முதல் பாட்டைக் கேட்டார். இரண்டாவது பாட்டுக்குப் போகவில்லை. ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, என் கையில் தந்தார். நான் அதை மேசையில் வைத்தேன். அன்று பின்னேரம் அவர் மேலே போய் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது, சாப்பாடு ஆயத்தமாகவில்லை என்றாலும், கபேட்டில் போய்த் தட்டினேன். இரண்டு, பிறகு ஒன்று. வந்து நின்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு திரும்ப ஏறிப் போனார்.

காயம் ஆறிய பிறகு ஒரு நாள் கருவியை இயக்கக் கூப்பிட்டார்கள். அதே பெண்பிள்ளைதான் கணினிக்கு முன்னால் இருந்தாள். காதுக்குப் பின்னால் துண்டை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். என் கணவரின் முகம் சுருங்கியது. நீங்கள் ஏதாவது சொல்லுங்கள், முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று என்னிடம் சொன்னாள். நான் அதற்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். குளியலறையில் தண்ணியைத் திறந்துவிட்டு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்தேன். இவ்வளவு கொடுத்த மனிதருக்கு ஒரு பெயரைச் சொல்ல மாட்டேனா என்று எனக்கு நானே தைரியம் சொல்லி வைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

யாரோ வெளியே நின்று கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். என் குரலில் தன் பெயரை அவர் கேட்டதேயில்லையே, எப்படிப் பிடிபடும்? பெண்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, கணினியில் எதையோ சரிபார்க்கத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன.

"இஞ்சாருங்கோ," என்றேன்.

கதவைப் பார்த்துக்கொண்டிருந்த தலை மெல்ல என் பக்கம் திரும்பியது. வாயைக் கொஞ்சம் திறந்தபடி என்னையே பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"தகரம்மாதிரிக் கேக்குது," என்றார். "ஆனா நீர்தான்."

இப்போது நான் கதைக்கிறேன். மருந்துக்கடையில் நடந்ததெல்லாம் சொல்லுகிறேன், இடைப்பட்ட காலத்தில் நடந்ததையும் சேர்த்து. மெல்லச் சொல்லும், திரும்பச் சொல்லும் என்பார், திரும்பச் சொல்லுவதில் எனக்கென்ன கஷ்டம்? "ம்" என்கிறார். மாடிப்படியின் அடியில் நின்று கூப்பிட்டால் "வாறன்" என்று பதில் வருகிறது. குருவிகள் வந்துவிட்டன. தவில் போய்விட்டது. விமானம் வருவதை இப்போது நான்தான் கையைத் தூக்கிக் காட்டுகிறேன். ஒரு நாள் பழக்கதோஷத்தில் கபேட்டில் தட்டிவிட்டு நின்றேன். யாரும் இறங்கி வரவில்லை.

போன மாதம் அவராகவே ஹெட்போனை எடுத்தார். காதுக்குப் பின்னாலிருக்கும் துண்டின் மேல் அதைச் சரிபார்த்து வைத்து, போனை என்னிடம் தந்து, முதல் பாட்டைப் போடச் சொன்னார். போட்டுவிட்டுப் பக்கத்திலே இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டார். அந்த விரல் கதிரைக் கையில் ஆயத்தமாக இருந்தது. திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை எத்தனையோ தடவை நல்ல ஸ்பீக்கரில் கேட்டுவிட்டேன், எந்த நொடியில் என்ன வருமென்று எனக்குத் தெரியும். என் கை தட்டியது. திரும்பத் தட்டியது. தகரம் கிணுங்கியது. அவருடைய விரல் அசையவில்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் துவங்கேல்லையோ?" என்று கேட்டார்.

"துவங்கிட்டுது," என்றேன். அவருக்கு அது கேட்டது.